தேவிகுளம்: ஒரு தொகுதி, ஒரே கேள்வி

கேரள மாநிலம் பிறந்த பிறகு நீதித்துறை செல்லாது என்று அறிவித்த முதல் தேர்தல் தேவிகுளத்தில் நடந்தது. மாநிலத்தின் முதல் சட்டமன்ற இடைத்தேர்தலும் அங்கேதான். 65 ஆண்டுகள் கழித்து, 2023ல், அதே தொகுதியின் எம்.எல்.ஏ. பதவி மறுபடியும் ஒரு தீர்ப்பில் பறிபோனது. இரண்டு வருடம் கழித்து உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. தேயிலைத் தோட்டங்களும் யானைத் தடங்களும் நிறைந்த இந்த மலைத் தொகுதி எண்ணிக்கையில் 140ல் ஒன்று. ஆனால் மற்ற தொகுதிகள் வேட்பாளரைப் பார்த்து "என்ன செய்வாய்?" என்று கேட்கும்போது, தேவிகுளம் மட்டும் எப்போதும் வேறொரு கேள்வியில் போய் முட்டிக்கொள்கிறது: "நீ எந்த ஊர்க்காரன்?"

கேள்வியின் வேர் தேயிலைக்கு அடியில் இருக்கிறது. 1877 ஜூலையில் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். காட்டை அழித்துச் செடி நட ஆள் வேண்டியிருந்தது. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்த குடும்பங்கள் போடி வழியாக மலையேறின. பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு முன்பே மறையூர், காந்தளூர், வட்டவடைப் பக்கத்தில் தமிழ் பேசும் விவசாயக் குடிகள் வாழ்ந்தனர். காட்டுக்குள் முதுவான் பழங்குடியினர் இருந்தனர். ஆனால் தொகுதியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் எண்ணிக்கை தோட்டத் தொழிலாளர்களிடம்தான் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு மொழிவாரி மாநிலப் பேச்சு எழுந்தபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராடியது. 1954 ஆகஸ்டில் தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு கமிஷன் 1955 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாகாணத்துக்கு வந்தன, செங்கோட்டையும் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை.

மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே தமிழர்கள் பெரும்பான்மை என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வந்து போகும் கூலிகள், நிலையான குடிகள் அல்ல என்று வாதிடப்பட்டது. பெரியாற்றின் நீரும் மின்சாரமும் தேயிலை வருமானமும் பின்னணியில் இருந்தன என்பது வேறு கதை. மூன்று தலைமுறையாக ஒரே மலையில் பிறந்து ஒரே மலையில் புதைக்கப்பட்டவர்களுக்கு "தற்காலிகம்" என்ற முத்திரை விழுந்தது. 1956 நவம்பர் 1ந் தேதி மாநிலம் பிறந்தது. முத்திரை மட்டும் அழியவில்லை.

நான்கே மாதத்தில் முதல் பொதுத் தேர்தல். தேவிகுளம் அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி. பொது இடத்தில் கம்யூனிஸ்டுக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார்; மற்ற இடம் காங்கிரசின் என். கணபதிக்கு. ரோசம்மா காஞ்சிரப்பள்ளிக்காரர், சிரியன் கிறிஸ்தவர், வக்கீல். திருவிதாங்கூர் சுதந்திரப் போராட்டத்தில் புகழ்பெற்ற அக்காம்மா செறியானின் தங்கை. கேரள சட்டசபையில் முதன்முதலாக உறுதிமொழி எடுத்த உறுப்பினர் அவர்தான். தற்காலிக சபாநாயகராக இருந்து மற்றவர்களுக்கு உறுதிமொழி செய்து வைத்தவரும் அவர்தான்.

பதவி நிலைக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் பி.கே. நாயரின் வேட்பு மனுவைத் தேர்தல் அதிகாரி தள்ளுபடி செய்திருந்தார். அது தவறு என்று நாயர் வழக்குப் போட, தேர்தல் தீர்ப்பாயம் ரோசம்மாவின் வெற்றியை ரத்து செய்தது. 126 பேர் கொண்ட சபையில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் ஆட்சி கட்சிக்காரர்கள் 60, ஆதரவு சுயேச்சைகள் 5 என்ற கணக்கில் நின்றுகொண்டிருந்த நேரம். ஓர் இடம் போனாலும் ஆட்டம் காணும். 1958 மே மாத இடைத்தேர்தலை நாடே பார்த்தது.

காங்கிரஸ் அதே பி.கே. நாயரை நிறுத்தியது. கம்யூனிஸ்டுகளின் தேர்தல் வேலையைக் கவனிக்க அனுப்பப்பட்டவர்களில் 34 வயது வி.எஸ். அச்சுதானந்தன் முக்கியமானவர். தொழிலாளிக்குப் புரியும் மொழியில் பேச ஆள் தேவைப்பட்டது. மலைக்குக் கீழே பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு ஏறி வந்தார். பின்னாளில் இளையராஜா என்று அறியப்பட்டவரின் அண்ணன். எஸ்டேட் எஸ்டேட்டாக அவர் பாடிய பாட்டுகள் மலையாள மேடைப் பேச்சுகளால் முடியாததைச் செய்தன. ரோசம்மா ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் மத்திய அரசு ஆட்சியைக் கலைத்தது என்றாலும், ஓர் அரசு காப்பாற்றப்பட்ட இடம் என்ற பெயர் தேவிகுளத்துக்கு நிலைத்தது.

காஞ்சிரப்பள்ளியிலிருந்து வந்து தமிழ்த் தொழிலாளர்களிடம் ஓட்டுக் கேட்ட ரோசம்மாவிடம், "உங்கள் தாத்தா எப்போது இங்கே வந்தார்?" என்று எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பொது இடத்தில் போட்டியிட அந்த ஆதாரம் தேவையில்லை. அவர் 2013 டிசம்பரில், நூறு வயதைத் தாண்டி மறைந்தபோது, கேரளம் "முதல்" என்ற சொல்லை அவர் பெயரோடு பல முறை சேர்த்து எழுதியது.

1961ல் பாராளுமன்றம் இரட்டை உறுப்பினர் முறையை ஒழித்தது. அதன்பின் தேவிகுளம் தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதியானது. வெளியூர்த் தலைவர்கள் வந்து நிற்கும் வழி சுருங்கியது. மலைக்காரர்களுக்கு வழி திறந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் ஜி. வரதன் 1980லும் 1982லும் வென்றார். 1991, 1996, 2001 என்று மூன்று முறை காங்கிரசின் ஏ.கே. மணி. 2006, 2011, 2016 என்று மூன்று முறை மார்க்சிஸ்ட் எஸ். ராஜேந்திரன். 2021ல் அதே கட்சியின் ஏ. ராஜா. கட்சி மாறும், கொடி மாறும், எம்.எல்.ஏ. தமிழ் பேசுகிறவராக இருப்பார், தோட்டத் தொழிற்சங்கத்தின் தோளில் ஏறி வந்தவராக இருப்பார். மலையில் கட்சி என்பதே சங்கம்தான். எந்தச் சங்கத்தில் சந்தா கட்டுகிறாரோ அந்தச் சின்னத்துக்கு ஓட்டு என்பது பல காலம் எழுதாத சட்டம்.

தமிழ் எம்.எல்.ஏ. கிடைத்ததால் தமிழ்த் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? நியாயமான கேள்வி. கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டத்தை கேரளம் 1971ல் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் அடுத்த ஆண்டு அதை ஏற்றது. சாகுபடிக்கு வெளியே கிடந்த நிலம் அரசிடம் வந்தது. 1972 ஜனவரியில் இடுக்கி மாவட்டம் உருவானது. ஃபின்லே கம்பெனியின் தோட்டங்கள் டாடாவிடம் வந்தன. 2005ல் டாடா பின்வாங்க, தொழிலாளர்களே பெரும்பான்மைப் பங்குதாரர்களாக ஒரு புதிய கம்பெனி அமைந்தது. காகிதத்தில் தொழிலாளி முதலாளி ஆனார். லயத்தில் அவர் தொழிலாளியாகவே இருந்தார். வரிசையாகக் கட்டிய அந்தச் சின்னஞ்சிறு வீடுகள் கம்பெனிக்குச் சொந்தம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், குடும்பத்தில் இன்னொருவர் கொழுந்து கிள்ளப் போகவில்லை என்றால், வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆயுள் முழுவதும் வேலை பார்த்த மலையில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும்.

இதே மலையில்தான் ரிசார்ட்டுகள் முளைத்தன. 2007ல் முதல்வராக இருந்த அச்சுதானந்தன் மூணாறில் ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடிக்க மூன்று அதிகாரிகளை அனுப்பினார். புல்டோசர்கள் சில வாரங்கள் ஓடின. எதிர்ப்பு அவருடைய சொந்தக் கூட்டணிக்குள்ளிருந்தே வந்தது, வேகம் அடங்கியது. நிலம் யாருக்கு என்ற சண்டையில் பேசப்பட்ட தரப்புகள் அரசு, கம்பெனி, ரிசார்ட் உரிமையாளர், குடியேறிய விவசாயி. லயத்தில் இருப்பவர் அந்தப் பட்டியலில் கடைசி வரியில்கூட அபூர்வமாகத்தான் வந்தார்.

2015 செப்டம்பரில் அந்தக் கடைசி வரி எழுந்து ரோட்டுக்கு வந்தது. போனசை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்ததை எதிர்த்து, கொழுந்து கிள்ளும் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறில் உட்கார்ந்தனர். "பெம்பிளை ஒருமை" என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. கம்பெனிமேல் இருந்த கோபத்துக்குச் சற்றும் குறையாமல் சங்கங்கள்மேலும் கோபம் இருந்தது. ஆண்கள் பேச்சுவார்த்தை நடத்துவதும் பெண்கள் கூடை சுமப்பதும் போதும் என்றார்கள். ஆதரவு சொல்ல வந்த எம்.எல்.ஏ. ராஜேந்திரனை விரட்டியடித்தார்கள். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த 91 வயது அச்சுதானந்தனை மட்டும் தங்கள் நடுவில் உட்கார அனுமதித்தார்கள். 1958ல் இதே மலையில் ஓட்டு சேகரித்தவர், உடன்பாடு வரும்வரை அங்கிருந்து நகரவில்லை. 20 சதவீதம் கிடைத்தது. 232 ரூபாயாக இருந்த தினக்கூலி அடுத்த மாதம் 301 ஆனது.

இதன் தேர்தல் விளைவு ஆச்சரியமானது. அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் பெம்பிளை ஒருமை சார்பில் நின்றவருக்கு ஆயிரம் ஓட்டுகூட விழவில்லை. விரட்டியடிக்கப்பட்ட ராஜேந்திரன் 5,782 வாக்கு வித்தியாசத்தில் மூன்றாம் முறை வென்றார். தமிழ்நாட்டிலிருந்து வந்து களமிறங்கிய அ.தி.மு.க. பதினோராயிரத்துக்கும் மேல் வாங்கியது; அதாவது வெற்றி வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு. போராட்டம் ஒரு கணக்கு, ஓட்டு ஒரு கணக்கு என்பதை மலை இரண்டு தரப்புக்கும் கற்றுக் கொடுத்தது.

2020 ஆகஸ்ட் 6ந் தேதி இரவு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தனர். நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. செய்தியறிந்து அங்கிருந்து உறவினர்கள் புறப்பட்டு வந்தார்கள். மலையிலேயே பிறந்தவர்கள் மலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் வாழ்ந்த வீடு அவர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை.

அடுத்த வருடம் தேர்தல். 1957ல் போலவே இந்த முறையும் ஒரு வேட்பு மனு தள்ளுபடியானது, அ.தி.மு.க. வேட்பாளருடையது. வக்கீலான ஏ. ராஜா, காங்கிரசின் டி. குமாரை 7,848 வாக்குகளில் தோற்கடித்தார். 2021 மே 24ந் தேதி சட்டசபையில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். அதிலும் சிக்கல். கடவுளின் பெயராலோ மனசாட்சியின் பெயராலோ உறுதி கூறும் வார்த்தை மொழிபெயர்ப்பில் விட்டுப்போயிருந்தது. எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் படித்தார். ஆனாலும் ஜூன் 2ந் தேதி மறுபடியும் உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. இடையில் சபையில் உட்கார்ந்த நாட்களுக்கு, நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் அபராதமும் கட்ட வேண்டியிருந்தது.

பெரிய அடி 2023 மார்ச் 20ந் தேதி விழுந்தது. குமாரின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் ராஜாவின் தேர்தலை ரத்து செய்தது. இரண்டு காரணங்கள். ஒன்று, அவர் கிறிஸ்தவராக மதம் மாறிய குடும்பத்தைச் சேர்ந்தவர், எனவே இந்து பறையர் என்ற தகுதி அவருக்கில்லை. சர்ச் பதிவேடும் திருமணப் புகைப்படத்தில் மணமக்கள் உடுத்தியிருந்த உடையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டன. இரண்டு, அவருடைய மூதாதையர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், எனவே கேரளத்தின் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் அவர் வரமாட்டார்.

இரண்டாவது காரணத்துக்கு அடியில் ஒரு தேதி இருக்கிறது: 1950 ஆகஸ்ட் 10. அன்றுதான் தாழ்த்தப்பட்ட சாதிகளைப் பட்டியலிடும் குடியரசுத் தலைவர் உத்தரவு வெளியானது. பட்டியல் மாநிலவாரியானது. அந்தத் தேதிக்குப் பிறகு ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலம் போகிறவர் தன் பட்டியல் தகுதியைச் சுமந்து போக முடியாது. 1990ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் இதை உறுதி செய்தது. காரணமில்லாத விதி அல்ல இது. ஓர் ஊரின் தீண்டாமைக்கு அந்த ஊர் ஈடு செய்ய வேண்டும்; வெளியூரிலிருந்து வந்தவர்கள் அந்த இடத்தை அள்ளிக்கொண்டு போகக் கூடாது.

ஆனால் தேயிலைத் தோட்டத்தில் இந்த விதி விசித்திரமாக நிற்கிறது. பறையர் சாதி தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது, கேரளப் பட்டியலிலும் இருக்கிறது. 1949ல் மலையேறியவரின் பேரன் தனித் தொகுதியில் நிற்கலாம். 1951ல் அதே பாதையில் ஏறியவரின் பேரன் நிற்க முடியாது. இருவரும் பக்கத்துப் பக்கத்து லயத்தில் பிறந்திருப்பார்கள், ஒரே சங்கத்தில் சந்தா கட்டியிருப்பார்கள், ஒரே சாதிப் பெயரால் இழிவுபடுத்தப்பட்டிருப்பார்கள். இன்னும் வேடிக்கை: 1951ல் செங்கோட்டையிலிருந்து மூணாறு போனவர் மாநில எல்லையையே கடக்கவில்லை. இரண்டும் அன்று திருவிதாங்கூர்-கொச்சி. ஐந்து வருடம் கழித்து எல்லைக்கோடுதான் அவரைக் கடந்து போனது. கூலிக்கு ஆள் பிடித்த கங்காணி பிறப்புச் சான்றிதழா கேட்டான்? வந்த தேதியை நிரூபிக்கக் கம்பெனியின் பழைய பேரேட்டையும் சர்ச்சின் பழைய பதிவையும்தான் தேட வேண்டியிருக்கிறது. இரண்டுமே தொழிலாளியின் கையில் இருந்ததில்லை.

உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் இடைக்காலத் தடை கொடுத்தது. ராஜா சபைக்குப் போகலாம். ஓட்டுப் போடக் கூடாது, சம்பளம் வாங்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கும் மேல் தேவிகுளத்துக்குப் பாதி எம்.எல்.ஏ.தான் இருந்தார். 2025 மே 6ந் தேதி தீர்ப்பு வந்தது. ராஜாவின் மூதாதையர் 1950க்கு முன்பே வந்தவர்கள், சாதிச் சான்றிதழ் செல்லும், மதமாற்றத்துக்குப் போதிய ஆதாரமில்லை என்று சொல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தள்ளியது. முழுப் பதவிக் காலத்துக்குமான பலன்களையும் தரச் சொன்னது.

ராஜா வென்றார். கேள்வி தோற்றதா? இல்லை. அவர் வென்றது கேள்வி தவறு என்பதால் அல்ல. அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்ததால். தாத்தா ஒரு வருடம் தாமதமாக வந்திருந்தால் முடிவு வேறு. 1955ல் கமிஷன் முன்னால் "இவர்கள் வந்து போகிறவர்கள்" என்ற வாதமாக வந்தது, 2023ல் "நீங்கள் எப்போது வந்தவர்" என்ற வழக்காக வந்தது. இடையில் தேவிகுளம் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்கள் சங்கத் தலைவர்களாக இருந்தார்கள்; சிலர் திறமைசாலிகள், சிலர் மீது புகார்கள். வேட்பாளரைக் காப்பாற்றச் சான்றிதழ் தேடும் சுறுசுறுப்பில் பாதியை, லயத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டா தேடுவதில் எல்லாக் கட்சிகளும் காட்டியிருந்தால், அந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்திருக்கும்.

ஒரு மனிதன் எந்த ஊர்க்காரன் என்பதற்கு சட்டத்தில் பல சோதனைகள் உண்டு. சாதாரண மனிதனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வேலை முடிந்தபின் திரும்பிப் போக அவனுக்கு அங்கே ஒரு வீடு இருக்க வேண்டும். தேவிகுளத்துத் தொழிலாளிக்கு ஓட்டு 1957லேயே வந்துவிட்டது. எம்.எல்.ஏ.வும் வந்துவிட்டார். சொந்தமாக ஒரு வாசற்படிதான் இன்னும் வர வேண்டும்.